10.86-ஐ அழித்தவள் சொல்கிறேன்: இன்டர்ன்ஷிப்புக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் மென்பொருள் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் இன்டர்ன் தம்பி ஒருவன் மடிக்கணினியைக் கையில் ஏந்திக்கொண்டே என் மேசைக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, எல்லா டெஸ்ட்டும் பச்சையாயிடுச்சு."

"காலையில ஒண்ணு சிவப்பா இருந்துச்சே, என்ன பண்ணின?"

"அதுவா, எதிர்பார்க்கிற எண்ணிக்கை 48-ன்னு யாரோ தப்பா போட்டு வச்சிருந்தாங்க. 47-ன்னு மாத்திட்டேன்."

டெஸ்ட் என்பது நிரல் தரும் விடையை எதிர்பார்த்த விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை; ஒத்துப்போனால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவன் மேல் கோபம் வரவில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் அதே சிரிப்போடு இன்னொருவர் மேசை முன்னால் நான் போய் நின்றது நினைவுக்கு வந்துவிட்டது.

நான் இரண்டு இடங்களில் இன்டர்னாக இருந்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று பேரைப் பக்கத்தில் உட்கார வைத்து வேலை பழக்குகிறேன். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் நான்கையும் சேர்த்து ஸ்டெம் என்கிறார்களே, அந்தப் படிப்பில் நன்றாக மதிப்பெண் வாங்கியவர்கள்தான் எல்லோரும். சூத்திரங்களைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். ஆய்வுக்கூடத்தில் பழகியிருக்க வேண்டிய பழக்கங்களை மட்டும் எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு வந்திருப்பார்கள். வேலையில் தினமும் தேவைப்படுவது அவைதான். நானும் அப்படித்தான் வந்தேன் என்பதால் இதை எழுத எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

கூட்டத்துக்குத் தாமதமாக வராதீர்கள், மின்னஞ்சலில் எழுத்துப்பிழை விடாதீர்கள், கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதி வைக்காதீர்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள்.

பிழைச் செய்தியைப் படிக்காமலே மூடுவது

அறுபது வரிச் சிவப்பு எழுத்து திரையில் கொட்டியதும் கை தானாக அதை மூடப் போகிறது. படியுங்கள். எங்கிருந்து படிப்பது என்பது மொழிக்கு மொழி மாறும், அவ்வளவுதான். பைத்தானில் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கும். அங்கிருந்து மேலே ஏறி வர வேண்டும். ஜாவாவில் தலைகீழ்: மேல் வரியில் பிழையின் பெயர் இருக்கும், ஆனால் உண்மையான காரணம் பல நேரம் கீழே "காஸ்டு பை" (இதனால் வந்தது) என்று தொடங்கும் வரியில் ஒளிந்திருக்கும். அதுவும் ஒன்றுக்கு மேல் இருந்தால் கடைசியாக வருவதை முதலில் பாருங்கள்.

கேள்வித்தாளைப் படிக்காமல் விடை எழுத ஆரம்பிக்கும் பிள்ளையை என்ன சொல்வோம்?

அலகு எழுதாத எண்

எங்கள் இயற்பியல் ஆசிரியை விடை சரியாக இருந்தாலும் அலகு இல்லையென்றால் அரை மதிப்பெண் வெட்டுவார். கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொள்வோம். அந்த அரை மதிப்பெண்ணின் அருமை எனக்கு ஒரு இன்டர்ன் மூலமாகத்தான் புரிந்தது.

அவர் ஜாவாஸ்கிரிப்ட் பழகியவர். அங்கே காத்திருக்கும் நேரத்தை மில்லி வினாடியில் கொடுக்க வேண்டும். 500 என்றால் அரை வினாடி. எங்கள் குழுவில் பைத்தான். பைத்தானின் 'ஸ்லீப்' எதிர்பார்ப்பது வினாடி. அவர் 500 என்று எழுதிவிட்டார். நிரல் 8 நிமிடம் 20 வினாடி அசையாமல் உட்கார்ந்திருந்தது. அந்த நேரத்தில் இவர் அது உறைந்துவிட்டது என்று முடிவுகட்டி, எல்லா நிரல் நூலகங்களையும் நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவிக்கொண்டிருந்தார். மதியம் முழுக்கப் போயிற்று.

இதற்குப் பெரிய அண்ணன் ஒன்று உண்டு. 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. தரைக் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு பகுதி உந்துவிசைக் கணக்கை பவுண்டு-விசை வினாடியில் கொடுத்தது. அதை வாங்கிய பகுதி நியூட்டன் வினாடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 4.45 மடங்கு வித்தியாசம். கோப்பில் எண் மட்டும் பயணம் செய்தது, அலகு செய்யவில்லை. விண்கலம் திட்டமிட்டதைவிடத் தாழ்வாகப் போய்ச் செவ்வாயின் வளிமண்டலத்தில் சிக்கிவிட்டது.

நிரலில் எண்ணை ஏந்தும் மாறியின் பெயரிலேயே அலகைச் சேர்த்துவிடுங்கள். 'காத்திருப்பு' என்று வைக்காமல் 'காத்திருப்பு_வினாடி' என்று வையுங்கள். பெயர் நீண்டுவிட்டதே என்று ஒருவரும் உங்களைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கிடைத்த எண்ணுக்கு ஏற்ப எதிர்பார்த்த எண்ணை மாற்றுவது

சரி, இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். 48-ஐ 47 ஆக்கிய கதை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது, பாதி எரிச்சல் என் மேலேயே.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் பிராக்டிகல். தனி ஊசல். ஒரு மீட்டர் நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, லேசாக இழுத்து விட்டு, 20 அலைவுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று நிறுத்துக்கடிகாரத்தில் பார்க்க வேண்டும். அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். எனக்கு 38.13 வினாடி வந்தது. கணக்குப் போட்டால் 10.86. புத்தகத்தில் 9.8. பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். "9.8 வரணும்டி, நேரத்தை 40.1-ன்னு எழுது." அழித்தேன், எழுதினேன். 9.82 வந்தது. ரெக்கார்டு நோட்டில் அழகான கையெழுத்தில் ஏற்றினேன். முழு மதிப்பெண்.

அந்த 10.86 எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. குண்டைக் கைவிட்டுக் கடிகாரத்தை அமுக்கும்போதே நான் "ஒன்று" என்று எண்ண ஆரம்பித்திருக்கிறேன். "பூஜ்யம்" என்று சொல்லியிருக்க வேண்டும். "இருபது" என்று சொல்லி நிறுத்தியபோது குண்டு 19 அலைவுதான் முடித்திருந்தது. ஒரு மீட்டர் ஊசலுக்கு ஓர் அலைவு 2 வினாடிக்குச் சற்றே அதிகம், பத்தொன்பதுக்கு 38.13. நான் அளந்தது துல்லியமான அளவு! எண்ணியது மட்டும் பிசகு. எண்ணிக்கை ஒன்று தள்ளிப்போகும் இந்தப் பிழைதான் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நிரல் பகுதி) எழுதக் கற்கும் ஒவ்வொருவரும் திரும்பத் திரும்ப விழுகிற குழி. பதினாறு வயதில், ஒரு நூலும் குண்டும் வைத்து, அதை எனக்கு இயற்கையே சொல்லித் தந்திருக்கிறது. நான் ரப்பரை எடுத்து அழித்துவிட்டேன்.

இப்போது முதல் இன்டர்ன்ஷிப். பில்லில் தள்ளுபடி கணக்கிடும் நிரல் மூன்று இடங்களில் சிதறிக் கிடந்தது. அதை ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். சின்ன வேலை, இரண்டு நாளில் முடித்தேன். 41 டெஸ்ட்டில் 40 பச்சை, ஒன்று சிவப்பு. மூன்று உருப்படி உள்ள ஒரு பில். எதிர்பார்ப்பு 31.00, என் நிரல் சொன்னது 30.99. ஒரு காசு வித்தியாசம்.

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதுதான் வினையே. கணினியில் தசம எண்கள் முழுத் துல்லியமாக இருக்காது, 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும் என்று கல்லூரியில் படித்திருந்தேன். தேர்வில் அதற்கு ஒரு பக்கம் விடை எழுதியவள் நான். "மிதவைப் புள்ளிப் பிழை, தவிர்க்க முடியாது" என்று குறிப்பு எழுதி, 31.00-ஐ 30.99 ஆக்கி, பச்சை வந்ததும் சிரித்துக்கொண்டே காட்டப் போனேன். பார்த்தவரும் அவசரத்தில் தலையாட்டிவிட்டார்.

அரை நிமிடம் அளவைப் பற்றி யோசித்திருந்தால் போதும். 31 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், சாதாரண 64 பிட் மிதவைப் புள்ளியில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, தசமப் புள்ளிக்குப் பின் 14 பூஜ்யம் கடந்த பிறகுதான் கண்ணில் படும். என் ஒரு காசு அதைவிட ஏறத்தாழ 3 லட்சம் கோடி மடங்கு பெரியது. மூன்று எண்ணைக் கூட்டியதில் அவ்வளவு பெரிய பிழை வர வழியே இல்லை. அறை வெப்பநிலை ஒரு டிகிரி ஏறியதால் சுவர் இடிந்துவிட்டது என்று சொல்வது மாதிரி. பிழை என்ற பெயரைத் தெரிந்து வைத்திருந்தேன், அதன் அளவைத் தெரிந்து வைத்திருக்கவில்லை.

உண்மையான காரணம் சாதாரணமானது. பழைய நிரல் எல்லா உருப்படிகளையும் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கியது. நான் ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாக முழுமையாக்கிவிட்டுப் பிறகு கூட்டினேன். ஓர் உருப்படி 10.334 என்றால், மூன்றைக் கூட்டினால் 31.002, அதாவது 31.00. முதலிலேயே 10.33 ஆக்கிவிட்டால் மூன்றுக்கும் 30.99.

மூன்று வாரம் ஒருவரும் கவனிக்கவில்லை. மாதக் கணக்கை முடிக்கும்போது பில்களின் கூட்டுத்தொகையும் பேரேடும் ஒட்டவில்லை. சில பில்லில் ஒரு காசு கூட, சிலதில் இரண்டு காசு குறைவு. ஒன்றுக்கொன்று கழிந்துபோனதால் எங்கே தவறு என்று கண்டுபிடிப்பதும் கஷ்டமாக இருந்தது. இரண்டு பேர் சனி ஞாயிறு வந்து உட்கார்ந்து, மூன்று வார பில்களையும் திரும்பக் கணக்கிட்டு, வாடிக்கையாளர்களுக்குத் திருத்தம் அனுப்பினார்கள். நான் அவர்களுக்குப் பக்கத்தில் உதவுகிறேன் என்ற பெயரில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வழிகாட்டியவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த டெஸ்ட்டின் மாற்ற வரலாற்றை என் கண் முன்னால் திறந்து காட்டினார். இரண்டு வருடத்துக்கு முன்பு, இதே தவறை வேறு யாரோ செய்து, இதே மாதிரி பேரேடு இடித்து, அதற்குப் பிறகுதான் அந்த ஒரு டெஸ்ட்டை எழுதி வைத்திருக்கிறார்கள். கமிட் குறிப்பில், அதாவது மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பில், இரண்டு வாக்கியம் தெளிவாக இருந்தது. ஒரு வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்று காட்டும் 'கிட் பிளேம்' என்ற கட்டளை கொடுத்திருந்தால் பத்து வினாடியில் பார்த்திருக்கலாம். "இந்த 31.00 ஏன் 31.00-ஆ இருக்குன்னு கேட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

கேட்கவில்லை. பதினாறு வயதிலும் கேட்கவில்லை.

இது மாணவர்கள் மட்டும் செய்கிற தவறு என்று நினைக்காதீர்கள். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளி சோதனையில் அளந்தவர் ராபர்ட் மில்லிகன். 1923-இல் நோபல் பரிசு பெற்றார். காற்றின் பாகுநிலைக்கு அவர் பயன்படுத்திய மதிப்பு கொஞ்சம் பிசகாக இருந்ததால், அவருடைய விடை இன்று நாம் ஏற்கும் மதிப்பைவிடச் சுமார் 0.6 சதவீதம் குறைவு. பிறகு அளந்தவர்கள் சரியான எண்ணுக்கு ஒரே தாவலில் வரவில்லை; ஒவ்வொருவராகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்ந்தார்கள். 1974-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் இதைச் சொல்லிக் காட்டினார். மில்லிகன் எண்ணிலிருந்து ரொம்ப விலகினால் எங்கே தவறு என்று தோண்டினார்கள். பக்கத்தில் வந்துவிட்டால் அவ்வளவாகத் தோண்டவில்லை. விடை பிடிக்காதபோது மட்டும் சோதிப்பதும் ஒரு வகையில் ரப்பர்தான்.

குற்றத்தை முழுக்கப் பிள்ளைகள் தலையில் போட எனக்கு மனமில்லை. பிராக்டிகலில் மதிப்பெண் 9.8-க்குத்தான் விழுகிறது. 10.86 எழுதி, "எண்ணும்போது ஒன்றில் தொடங்கிவிட்டேன் போலிருக்கிறது" என்று கீழே குறித்தவளுக்கு மதிப்பெண் உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் நான் அழித்திருக்க மாட்டேன். நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் கொக்கி வரை அளந்தால், ஒரு சென்டிமீட்டர் குறைந்து 9.7 வரும். அது எவ்வளவு நல்ல துப்பு! எனக்கு ஓர் ஆய்வுக்கூடத்தைக் கொடுத்தால், நூலின் நீளத்தை யாருக்கும் சொல்லாமல் மாற்றி வைத்துவிட்டு, எத்தனை பேர் 9.8 என்று எழுதி வருகிறார்கள் என்று பார்ப்பேன். பாவம்தான், ஆனால் பார்ப்பேன்.

இப்போது என்னிடம் வருபவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். எதிர்பார்த்த எண்ணைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு வர வேண்டும்: பழைய எண்ணை எழுதியவர் அதை ஏன் சரி என்று நினைத்தார், உங்கள் மாற்றத்தில் எது அதை அசைத்தது, புதிய எண் சரி என்று உங்கள் நிரலைத் தவிர வேறு யார் சொல்கிறார்கள். மூன்றாவதுதான் கடினம். கையால் போட்ட கணக்கு, வாடிக்கையாளரின் தாள், விதிமுறை ஆவணம், எதுவானாலும் சரி. நிரல் சொன்னதை நிரலே சாட்சி சொல்ல முடியாது. போன வருடம் ஒரு பெண் இந்த மூன்று வரியோடு வந்தாள். பார்த்தால் அவள் நிரல் சரி, டெஸ்ட்தான் தவறு. எழுதியது நான். மாற்றச் சொன்னேன், ஏன் மாற்றினோம் என்று கமிட் குறிப்பிலும் எழுத வைத்தேன். ஆக, எதிர்பார்ப்பை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காரணம் தெரியாமல் மாற்றாதீர்கள்.

இன்னொன்று. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் "இந்த டெஸ்ட்டைப் பாஸ் ஆக்கு" என்று கேட்பவர்கள் கவனிக்க: சில சமயம் அதுவும் நிரலைத் தொடாமல் எதிர்பார்த்த எண்ணை மாற்றிக் கொடுத்துவிடுகிறது. நம்மிடம்தானே கற்றுக்கொண்டது. அது மாற்றிய கோப்புகளின் பட்டியலில் டெஸ்ட் கோப்பு இருந்தால் அதை முதலில் திறந்து படியுங்கள்.

அந்த 48 என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தம்பியின் லூப் கடைசி வரிசைக்கு ஒன்று முன்னாலேயே நின்றிருந்தது. அவனிடம் ஊசல் கதையைச் சொன்னேன். "அக்கா, எனக்கும் அந்தப் பிராக்டிகல்ல 9.8 வரல" என்றான். எவ்வளவு வந்தது என்று கேட்டேன். ஞாபகம் இல்லையாம். அழித்துவிட்டான்.

ஒரே மூச்சில் ஐந்தை மாற்றுவது

ஒன்று வேலை செய்யவில்லை. உடனே நூலகப் பதிப்பை மாற்றி, அமைப்புக் கோப்பில் இரண்டு வரியைத் திருத்தி, ஒரு ஃபங்ஷனைத் திரும்ப எழுதி, கணினியையும் அணைத்துப் போட்டால், வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. எது சரி செய்தது? யாருக்குத் தெரியும். நாளைக்குத் திரும்ப வரும், அப்போதும் இதே பூஜைதான்.

ஒரு செடியை வெளிச்சத்திலும் ஒன்றை இருட்டிலும் வைத்து, மண், தண்ணீர், தொட்டி எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைக்கச் சொன்னார்களே, அது செடிக்காக மட்டும் சொன்னது இல்லை. ஒன்றை மாற்றுங்கள், ஓட்டுங்கள், பாருங்கள். சரியாகவில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

சின்னச் சின்ன கமிட்டாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரப்பிரசாதம் உண்டு: 'கிட் பைசெக்ட்'. நேற்று வரை ஓடியது, இன்று ஓடவில்லை, நடுவே 1000 கமிட் என்றால், பாதியில் வெட்டி, அதில் பாதியில் வெட்டி என்று 10 சோதனையில் குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்துவிடும். இரண்டின் பத்தாவது அடுக்கு 1024, அதனால்தான். ஓர் இன்டர்ன் இது தெரியாமல் இரண்டு நாள் ஒவ்வொரு கமிட்டாகப் படித்துக்கொண்டிருந்தார். பள்ளியில் மடக்கை படித்தவர்தான்.

சிக்கிக்கொண்டதை மறைப்பது

மறைக்காதீர்கள். திரையில் ஒரே கோப்பு இரண்டு நாளாகத் திறந்திருப்பது எங்களுக்குத் தெரியும்.

"இந்தக் கணக்கெல்லாம் வேலைக்கு ஆகாது"

இதை ஒவ்வொரு வருடமும் ஒருவர் சொல்கிறார். பகுதித் தொகையிடலை நான் வேலையில் இதுவரை தொட்டதில்லை என்பது உண்மை. ஆனால் என் கணக்கை வைத்து உங்கள் கணக்கை முடிவு செய்யாதீர்கள். கிராஃபிக்ஸ், ஒலி, இயந்திரக் கற்றல் பக்கம் போகிறவர்களுக்கு நுண்கணிதம் தினசரிச் சாப்பாடு. எனக்குத் தினமும் உதவுவது நிகழ்தகவு, மடக்கை, கணங்கள், தர்க்கம். அதிலும் நிகழ்தகவு தெரியாமல் எழுதிய நிரல் போல ஆபத்தானது வேறில்லை, ஏனென்றால் அது சோதிக்கும்போது நன்றாகவே ஓடும்.

ஒரு உதாரணம். ஓர் இன்டர்ன் ஒவ்வொரு பதிவின் உள்ளடக்கத்திலிருந்தும் 32 பிட் ஹாஷ் (உள்ளடக்கத்தைச் சுருக்கி எடுக்கும் ஓர் எண்) எடுத்து, அதையே அந்தப் பதிவின் அடையாள எண்ணாக வைத்திருந்தார்.

"ரெண்டுக்கு ஒரே எண் வந்துட்டா?"

"429 கோடி எண் இருக்குக்கா. நம்மகிட்ட இருக்கிறதே 2 லட்சம் பதிவுதான்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட பதிவோடு இன்னொன்று மோதுமா என்பது கேள்வியே இல்லை. ஏதாவது இரண்டு தங்களுக்குள் மோதுமா என்பதுதான் கேள்வி. 23 பேர் இருக்கும் அறையில் ஏதாவது இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்க வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். 365 நாளுக்கு 23 பேர் போதும் என்றால், 429 கோடிக்கு எத்தனை பதிவு போதும்? சுமார் 77,000. அதிலேயே வாய்ப்பு பாதிக்குப் பாதி. 2 லட்சம் பதிவுக்குச் சராசரியாக நாலைந்து மோதலை எதிர்பார்க்கலாம். அதாவது நாலைந்து பேருடைய பதிவை வேறு யாருடையதோ சத்தமில்லாமல் அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். அவர் சோதித்துப் பார்த்தது 50 பதிவை வைத்து. ஐம்பதில் எதுவும் மோதவில்லை, மோதவும் மோதாது.

இந்தப் பிறந்தநாள் கணக்கை அவர் இரண்டாம் வருடம் போட்டிருக்கிறார். நோட்டில் இருக்கிறதாம். நோட்டிலேயே இருந்துவிட்டது.

கணக்கு மட்டும் போதும் என்பது

இதற்கு நேர் எதிர் வகையும் வருவார்கள். வரிசைப்படுத்தும் அல்காரிதத்தை நான்கு நாள் உட்கார்ந்து கையால் எழுதித் தந்தார் ஒருவர். அழகாகத்தான் இருந்தது. மொழியிலேயே இருக்கிறது தம்பி என்றேன்.

ரெக்கார்டு நோட்டை மூட்டை கட்டுவது

படிப்பு முடிந்ததும் நாம் மகிழ்ச்சியாகத் தூக்கிப் போடும் முதல் பொருள் இதுதான். குற்றம் சொல்ல முடியாது. நல்ல நகல் எழுதும் வேலைக்கு அதுதான் கதி. நான் சொல்வது அதற்கு முந்தைய அழுக்கு நோட்டை, அப்சர்வேஷன் நோட்டை.

'பக்' (ஆங்கிலத்தில் பூச்சி, நிரலில் பிழை) என்ற சொல்லுக்கு எல்லோரும் சொல்லும் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1947 செப்டம்பர் 9, ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சில்) ஒரு விட்டில்பூச்சி சிக்கியிருந்தது, அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்தார்கள். கணினித் துறை முன்னோடி கிரேஸ் ஹாப்பர்தான் கண்டுபிடித்தார் என்றும் சொல்லிவிடுவார்கள்; அவர் அந்தக் குழுவில் இருந்தவர், இந்தக் கதையைப் பரப்பியவர், பூச்சியைப் பிடித்தது மற்றவர்கள். 'பக்' என்ற சொல்லும் அதற்கு முன்பே பொறியாளர்கள் நடுவே புழங்கியதுதான். அதனால்தான் உண்மையிலேயே ஒரு பூச்சி கிடைத்ததும் அவர்களுக்குச் சிரிப்பு வந்து, "உண்மையான பூச்சி கிடைத்த முதல் நிகழ்வு" என்று எழுதி வைத்தார்கள்.

எனக்கு அந்தப் பக்கத்தில் பூச்சியைவிடப் பிடித்தது அதன் அருகே எழுதியிருப்பது. நேரம் 15:45. ரிலே எண் 70. பேனல் எஃப். என்ன நடந்தது, எங்கே, எப்போது என்பதை எழுதிய பிறகுதான் சிரித்திருக்கிறார்கள்.

என் நோட்டிலும் அவ்வளவுதான் இருக்கும். மணி, நான் என்ன நினைத்தேன், என்ன மாற்றினேன், என்ன வந்தது. நினைத்ததை மாற்றுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் விடை வந்த பிறகு நான் அதைத்தான் நினைத்தேன் என்று மனது சத்தியம் செய்யும். கணினியில் எழுதலாமா என்று கேட்கிறார்கள். எழுதலாம், தேடவும் வசதி. நான் தாளில்தான் எழுதுகிறேன், அதுவும் பேனாவில். தவறாகப் போனால் குறுக்கே ஒரு கோடு, அடியில் இருப்பது தெரிகிற மாதிரி. அன்று கையில் பென்சில் இருந்ததால்தான் 10.86 அவ்வளவு சுலபமாகப் போய்விட்டது.